மணற்பரப்பு முதல் தொடுதிரை வரை: தமிழகப் பள்ளி வகுப்பறைகளில் கற்றற்கருவிகளும் எழுதும் கையும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழகப் பள்ளி வகுப்பறைகளில் மணல், ஓலை, கற்பலகை, கரும்பலகை, வானொலி, தொலைக்காட்சி, கணினி, திறன்பேசி ஆகியன வெவ்வேறு காலங்களில் கற்றற்கருவிகளாகப் புகுந்தன. இவற்றின் வரலாறு பெரும்பாலும் வருகையின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. எத்திட்டத்தில் எத்தனை கருவிகள் வழங்கப்பட்டன என்னும் கணக்கே அதில் மேலோங்கி நிற்கிறது. இக்கட்டுரை, கருவி வகுப்பறையில் யார் கையில் இருந்தது என்னும் வினாவை முன்வைத்து அவ்வரலாற்றை மீள நோக்குகிறது. தமிழ், கணிதம், அறிவியல் ஆகிய பாடங்களில் ஒரே கருவி ஒரே பயனைத் தரவில்லை என்பதும், தமிழ்ப் பாடத்தில் புதிய கருவிகள் மாணவரை எழுதுவோராக ஆக்காமல் பார்ப்போராகவே நிறுத்தியுள்ளன என்பதும் இங்கு விளக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: திண்ணைப்பள்ளி, எண்சுவடி, கரும்பலகை, செயல்வழிக் கற்றல், தமிழ்99, இணையச் செயல்பாடு, கல்வித் தொலைக்காட்சி

முன்னுரை

கல்வியில் தொழில்நுட்பம் என்றவுடன் கணினியிலிருந்து தொடங்குவது இன்றைய ஆய்வேடுகளின் வழக்கமாகிவிட்டது. அதற்கு முந்தைய காலம் ‘மரபு வழிக் கற்பித்தல்’ என்னும் ஒற்றைத் தலைப்பில் இரண்டு பத்திகளுள் அடக்கப்படுகிறது. எழுத்தாணியும் ஒரு தொழில்நுட்பமே. அதைப் பிடிக்கவும், ஓலையை வாரவும் பதப்படுத்தவும் பயிற்சி வேண்டும். கரும்பலகையும் அவ்வாறே. 1987இல் நடுவண் அரசு தொடங்கிய தொடக்கப்பள்ளி வசதித் திட்டத்திற்குக் ‘கரும்பலகைத் திட்டம்’ என்றே பெயர் வைக்க நேர்ந்தது. இரண்டு அறைகள், இரண்டு ஆசிரியர்கள், கரும்பலகை, நிலப்படம், சிறு அறிவியல் கருவிப்பெட்டி ஆகியவற்றை உறுதிசெய்வதே அதன் இலக்கு. கணினி சில பள்ளிகளை எட்டிய பிறகும் கரும்பலகை எல்லாப் பள்ளிகளையும் எட்டியிருக்கவில்லை என்பதற்கு அப்பெயரே சான்று.

மணலும் ஓலையும்

திண்ணைப்பள்ளியில் எழுத்துக் கற்பித்தல் மணலில் தொடங்கியது. மாணவன் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதியவாறே அவ்வெழுத்தின் ஒலியை உரக்கச் சொல்வான். கை தேர்ந்த பின்னரே ஓலையும் எழுத்தாணியும் அவனுக்குக் கிட்டும். சென்னை மாகாணத்தின் பெல்லாரி மாவட்ட ஆட்சியர் ஏ. டி. கேம்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கை, தம் மாவட்டப் பள்ளிகளில் இருந்த இத்தகைய வரிசைமுறையை விரிவாகப் பதிவுசெய்கிறது. ஐரோப்பியக் குழந்தை எழுத்தை முதலில் உச்சரித்துப் பழகுகிறது, இங்குள்ள குழந்தையோ எழுதியே எழுத்தை அறிகிறது என்னும் வேறுபாட்டையும் அவர் குறித்துள்ளார்.

இம்மணல் கடல் கடந்து சென்ற வரலாறு தனியே கவனத்திற்குரியது. சென்னை எழும்பூரிலிருந்த ஆண் அனாதைகள் காப்பகத்தின் பொறுப்பை 1789இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலில் எழுதுவதைக் கண்டார். அதைத் தம் காப்பகத்தில் நடைமுறைப்படுத்த அங்கிருந்த ஆசிரியர்கள் உடன்படவில்லை. ஆகவே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் கீழ்வகுப்பை ஒப்படைத்தார். இந்த ஏற்பாடு வெற்றி பெற்றது. 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட சிறுநூல் வழியாக இது ‘சென்னை முறை’ எனப் பெயர்பெற்று இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் பரவியது. அவருடைய நிதியால் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் எழுந்த பள்ளி இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்றே வழங்குகிறது. மூத்த மாணவன் இளையோருக்குச் சொல்லித்தரும் சட்டாம்பிள்ளை முறை தமிழ்த் திண்ணைப்பள்ளிகளில் பழக்கத்தில் இருந்ததே. பெல் அதைக் கண்டு கற்றாரா, தாமே கண்டடைந்தாரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மணல் இங்கிருந்து சென்றது என்பதில் ஐயமில்லை. பெல்லே அதை ஒப்புக்கொண்டுள்ளார்.

மணலின் சிறப்பு அதன் மலிவு மட்டுமன்று. பிழையை விரலால் அழித்து உடனே திருத்தி எழுதலாம். எழுதுவது ஒவ்வொரு மாணவனும் தானே செய்யும் செயலாக இருந்தது. ஒருவன் எழுத மற்றவர் பார்க்கும் நிலை இல்லை. ஓலை அவ்வாறன்று. எழுத்தாணியால் கீறியதை அழிக்க இயலாது. ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமல் விடும் வழக்கம் இருந்தது. இட்டால் ஓலை துளைபடும் என்பது அதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். புள்ளியில்லாச் சுவடியைப் படிக்க மொழியறிவு முன்னதாகவே வேண்டும். எனவே மணலில் எழுத்தும், ஓலையில் வாசிப்பும், இடையில் மனனமும் என மூன்று நிலைகள் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

இதைப் பொற்காலமாகச் சித்திரிக்க இடமில்லை. மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்டுத் தொகுத்த கணக்கின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். அவர்களுள் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. திண்ணையில் அமரும் உரிமை தீண்டாமைக்கு உட்பட்ட சாதியினரின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் மறுக்கப்பட்டது. மணல் எல்லாத் தெருவிலும் கிடந்தது. அதில் விரல் வைக்கும் உரிமை எல்லாத் தெருப் பிள்ளைகளுக்கும் கிடைக்கவில்லை. கருவி யார் கையில் என்னும் வினாவின் முதற்பொருள் இதுவே.

எண்சுவடியும் கணிதமும்

கணிதத்தில் திண்ணைப்பள்ளியின் கருவி எண்சுவடி. முந்திரி, காணி, மா, கால், அரை எனக் கீழ்வாயிலக்கமும், ஒன்று முதலான மேல்வாயிலக்கமும், நெல்லிலக்கமும், நில அளவைக்கான குழிமாற்றும் வாய்பாடுகளாக மனத்தில் பதியும்படி சொல்லப்பட்டன. ஒருவர் முன்சொல்ல மற்றவர் பின்சொல்வது வழக்கம். 1/320 என்னும் முந்திரியைத் தாளின்றிப் பெருக்கும் திறன் அங்காடியிலும் வயலிலும் உடனடியாகத் தேவைப்பட்டது. செந்தில் பாபு 2022இல் வெளியிட்ட ஆய்வு நூலில், இம்மனனத்தைப் பொருளற்ற நெட்டுரு எனத் தள்ளாது, நினைவையே ஒரு கணக்கிடும் முறையாகக் கொள்ள வேண்டும் என வாதிடுகிறார். இக்கட்டுரையின் நோக்கிலும் அது பொருந்துகிறது. கணித வகுப்பில் கருவி மாணவனின் கையிலும் இல்லை, ஆசிரியரின் கையிலும் இல்லை. மாணவனின் நினைவில் இருந்தது.

இம்முறையின் சரிவுக்குக் காலனிய அளவை முறையும், அரசு உதவித்தொகைக்கான தேர்வுகளும், அச்சிட்ட கணிதநூல்களும் காரணங்கள். மாணவன் விடையைச் சொல்வதற்குப் பதிலாக வழியை எழுதிக்காட்ட வேண்டியவனானான். கற்பலகை அப்போது இன்றியமையாததாயிற்று.

பலகையின் இடமாற்றம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சமயப் பரப்பாளர் பள்ளிகளும் அரசுப் பள்ளிகளும் ஆசிரியப் பயிற்சி நிறுவனங்களும் கரும்பலகையை வகுப்பின் நடுவிடத்திற்குக் கொணர்ந்தன. வட்டமாகவோ சுவரோரமாகவோ அமர்ந்து தத்தம் எழுத்தை எழுதிய பிள்ளைகள், ஒரே திசை நோக்கி வரிசையில் அமர்ந்தனர். எழுதும் முதற்கை ஆசிரியருடையதாயிற்று. மாணவர் அதைப் பார்த்துத் தம் கற்பலகையில் படியெடுத்தனர். நிலப்படம், வடிவியல் உருவம், உடலுறுப்புகளின் படம் ஆகியவற்றை நாற்பது பேருக்கு ஒருசேரக் காட்ட வேறு வழி இல்லாத காலத்தில் இது பெரும்பேறு. புவியியலும் அறிவியலும் பாடங்களாக நிலைபெற்றதில் கரும்பலகைக்குப் பங்குண்டு. எழுத்தறிமுகத்திற்கு அதே அளவு உதவியதா என்பது வேறு கேள்வி. இருபதாம் நூற்றாண்டின் வகுப்பறை வடிவம் பின்னர் வந்த ஒவ்வொரு கருவியையும் தன் சாயலில் மாற்றிக்கொண்டதற்கு, முன்சுவரை நோக்கிய இவ்விருக்கை முறையே அடிப்படை.

ஒலிபரப்பும் ஒளிபரப்பும்

சென்னையில் 1924இல் மாகாண வானொலிச் சங்கம் தோன்றியது. பின்னர் அதன் கருவிகளைக் கொண்டு மாநகராட்சி 1930 முதல் ஒலிபரப்பை நடத்தியது. 1938இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியது. பள்ளிகளுக்கான ஒலிபரப்பு அதன் தொடக்கக்கால நோக்கங்களுள் ஒன்று. பள்ளி நேரப்பட்டியலும் நிலைய நேரப்பட்டியலும் ஒன்றிணையாத இடங்களில் வானொலிப்பெட்டி தலைமையாசிரியர் அறையிலேயே தங்கிவிடுவது இயல்பு. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம் நாசாவின் செயற்கைக்கோள் வழியாக நடந்த கல்வித் தொலைக்காட்சிச் சோதனையில் ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 சிற்றூர்கள் பங்கேற்றன. தமிழ்நாடு அவற்றுள் இடம்பெறவில்லை. அதே ஆகஸ்டில் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. எனினும் தமிழக வகுப்பறைக்குள் தொலைக்காட்சி ஒரு பாடக்கருவியாக வேரூன்ற மேலும் நாற்பதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

தாழ்ந்த கரும்பலகை

தொழில்நுட்ப வரலாற்றில் பேசப்படாத ஒரு கருவியை இங்குச் சற்று விரிவாக நோக்குதல் தகும். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆணையர் மு. ப. விஜயகுமார் காலத்தில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், ஆந்திரத்தின் ரிஷிவேலி கிராமக் கல்வி மையத்தின் அட்டை முறையைத் தழுவியது. 2007-08இல் மாநிலத்தின் அரசு, அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளின் ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை அது விரிவாக்கப்பட்டது. பாடம் சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டது. கற்றல் ஏணி சுவரில் தொங்கியது. ஒவ்வொரு குழந்தையும் ஏணியில் தன் படியைக் கண்டு, தட்டிலிருந்து உரிய அட்டையைத் தானே எடுத்தது. ஆசிரியர் தரையில் பாய் விரித்துக் குழந்தைகளோடு அமர்ந்தார்.

இவற்றோடு சுவரின் அடிப்பகுதி முழுவதும் குழந்தைகளின் உயரத்திற்குக் கரும்பலகை வரையப்பட்டது. ஒவ்வொரு குழந்தைக்கும் அதில் ஓரிடம். மின்சாரமோ பெருஞ்செலவோ தேவைப்படாத இம்மாற்றம், நூறாண்டுக்கு மேல் ஆசிரியரிடம் இருந்த சுண்ணக்கட்டியைக் குழந்தையின் கைக்கு மாற்றியது. மணலில் எழுதிய விரல் மீண்டும் எழுதத் தொடங்கிற்று எனில் மிகையாகாது.

இம்முறைக்கு எதிர்ப்பும் இருந்தது. அட்டைகள் கிழிந்தால் மாற்று உடனே கிட்டாமை, பல வகுப்புக் குழந்தைகளை ஒரே அறையில் வைத்துக் கையாளும் சுமை, வீட்டுப்பாடமும் பாடநூலும் இல்லாத பள்ளியைப் பெற்றோர் ஐயத்தோடு நோக்கியமை ஆகியன அடிக்கடி கூறப்பட்ட குறைகள். அவை பொய்யல்ல. 2012-13இல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தபின் பாடநூல் மீண்டும் மையத்திற்கு வந்தது, அட்டை துணைக்கருவியாயிற்று. தாழ்ந்த கரும்பலகை எந்த ஆவணத்திலும் நீக்கப்படவில்லை. அறைகளுக்குப் புதுவண்ணம் பூசும்போது சில இடங்களில் அது மறைந்தது, அவ்வளவே. கருவிகளின் மறைவு அரசாணைகளில் பதிவாவதில்லை என்பது வரலாற்று ஆய்வாளர் நினைவிற்கொள்ளத்தக்கது.

கணினியும் தமிழ் விசைப்பலகையும்

இந்தியப் பள்ளிகளில் கணினியை அறிமுகப்படுத்த 1984இல் நடுவண் அரசு தொடங்கிய திட்டம் ஏறத்தாழ 250 பள்ளிகளில் பிபிசி மைக்ரோ கணினிகளை வைத்தது. இயந்திரமும் மென்பொருளும் மொழியும் இங்கிலாந்தைச் சார்ந்தவை. தமிழில் ஒரு சொல்லைத் தட்டச்சு செய்ய அக்காலப் பள்ளிக் கணினியில் வழியில்லை. ஆகவே கணினி தனிப் பாடமாயிற்று; பிற பாடங்களைக் கற்பிக்கும் கருவியாகவில்லை.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. இதன் அமைப்பு எழுத்திலக்கணத்தை நேரடியாகப் பின்பற்றுகிறது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்தன. ககரத்தையும் உகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டினால் ‘கு’ தோன்றும். ககரத்தை இருமுறை தட்டினால் முதற்ககரத்திற்குத் தானே புள்ளி விழுந்து ‘க்க’ ஆகும். நகரத்தை அடுத்துத் தகரத்தைத் தட்டினால் ‘ந்த’ வரும். உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய்யாதல், உடனிலை மெய்ம்மயக்கம், வல்லினத்திற்கு இன மெல்லினம் அமைதல் ஆகிய மூன்றையும் ஒரு குழந்தை விரல் நுனியில் உணரக்கூடிய கருவி இது. திண்ணைப்பள்ளி மணலுக்குப் பின் தமிழ் எழுத்தறிமுகத்திற்கு இவ்வளவு பொருத்தமான கருவி தோன்றியதில்லை எனலாம். அது மொழிப்பாட வகுப்பிற்குள் வரவில்லை. அலுவலகத் தட்டச்சின் தரமாகவே கருதப்பட்டது.

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் அரசு, அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி மாணவர்க்கும் கல்லூரி மாணவர்க்கும் பல இலட்சம் கருவிகளை வழங்கியது. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலரின் வீட்டில் நுழைந்த முதற்கணினி அதுவே. அதன் சமூகப் பயனைக் குறைத்து மதிப்பிடலாகாது. மாணவர் கைக்கே கருவியைத் தந்த இத்திட்டம் வகுப்பறையை மட்டும் தொடாமல் சென்றது. பாட நேரத்தில் மடிக்கணினியைத் திறக்கும் தேவை எந்தப் பாடத்திலும் உருவாக்கப்படவில்லை. தமிழில் எழுத விரும்பியோர், ஆங்கில எழுத்துகளின் ஒலிவழியே தமிழைத் தட்டும் பழக்கத்தைத் தாமே கைக்கொண்டனர். யாரும் கற்பிக்காத இடத்தில் எளிதெனத் தோன்றுவதே பரவும்.

பாடநூலில் குறியீடு

2018-19இல் ஒன்று, ஆறு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் வந்தன. பாடத்திட்டக் குழுவிற்குத் தலைமையேற்ற மு. ஆனந்தகிருஷ்ணன், தமிழ்க்கணிமையின் தரப்படுத்தலிலும் முன்னின்றவர். இந்நூல்களில் விரைவுத் துலங்கல் குறியீடும் ‘இணையச் செயல்பாடு’ என்னும் பகுதியும் இடம்பெற்றன. பாடங்களுக்கிடையிலான வேறுபாடு இங்குதான் தெளிவாகப் புலப்படுகிறது.

கணித நூல்கள் ஜியோஜீப்ராவைப் பயன்படுத்தின. ஒரு முக்கோணத்தின் முனையை இழுக்கும்போது கோணங்கள் மாறுகின்றன, அவற்றின் கூடுதல் மாறுவதில்லை. கரும்பலகையில் வரைந்த படத்தால் இதைக் காட்ட முடியாது, சொல்லத்தான் முடியும். அறிவியலில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் உருவகப்படுத்தல்கள், ஆய்வகம் இல்லாத பள்ளியிலும் மின்சுற்றை மாணவரே அமைத்துப் பார்க்க இடந்தந்தன. இவ்விரு பாடங்களிலும் கருவி பாடத்தின் உட்செயலோடு இணைந்தது.

தமிழ்ப் பாடத்தில் நிலை வேறு. ‘இணையத்தில் காண்க’ என்னும் தலைப்பு சில முகவரிகளைத் தந்தது. ஒன்பதாம் வகுப்புத் தமிழ் நூலில் ‘இயந்திரங்களும் இணையவழிப் பயன்பாடும்’ என்னும் உரைநடையும், பத்தாம் வகுப்பில் செயற்கை நுண்ணறிவு பற்றிய பாடமும் சேர்க்கப்பட்டன. தொழில்நுட்பம் தமிழ் வகுப்பிற்குள் படித்து விடையெழுத வேண்டிய ஒரு பொருளாகவே பெரிதும் நுழைந்தது. தமிழ்க்கணிமை பற்றிய விரிவான பாடம் பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியலில் உள்ளது. அப்பாடத்தைத் தெரிவுசெய்யாத மாணவர் அதைக் காண்பதில்லை.

பெருந்தொற்றும் அதன் பின்னும்

2019 ஆகஸ்டு 26 அன்று கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. ஏழே மாதங்களில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. குறியீட்டைப் படிக்கத் திறன்பேசி வேண்டும். அது பல வீடுகளில் தந்தையின் சட்டைப்பையில் வேலைக்குப் போய்விடும். தொலைக்காட்சி பெரும்பாலான வீடுகளில் இருந்ததால் அதுவே பொதுவழியாயிற்று. ஆனால் தொலைக்காட்சி கேள்வி கேட்பதை ஏற்பதில்லை, எழுதியதைத் திருத்துவதுமில்லை. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக் காலம் தொடக்க வகுப்புக் குழந்தைகள் பார்த்தனர், கேட்டனர். அவர்கள் எழுதியதைப் பார்ப்பார் அரிதாயினர். 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ இந்த இழப்பை ஈடுசெய்யக் கருவியை நாடவில்லை, ஆளை நாடியது. மாலை வேளையில் தெருவோரத்திலும் வீட்டு முற்றத்திலும் தன்னார்வலர்கள் சிறு குழுக்களாகக் குழந்தைகளை அமர்த்திச் சொல்லித்தந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பெண்கள். சில மாதங்களில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் இணைந்த இம்முயற்சி, திண்ணையை நினைவூட்டும் இட அமைப்பையும், திண்ணை ஒருகாலத்தில் விலக்கி வைத்தோரையே ஆசிரியராகக் கொண்ட தலைகீழ் மாற்றத்தையும் ஒருங்கே காட்டுகிறது.

2022 சூனில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புக்கென ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. பாடலும் பொம்மலாட்டமும் கைவினையும் மீண்டும் வகுப்பிற்கு வந்தன. குழந்தைகளின் மதிப்பீடு ஆசிரியரின் திறன்பேசிச் செயலியில் பதிவேற்றப்பட்டது. வருகைப்பதிவும் பள்ளி விவரங்களும் ஏற்கெனவே கல்வி மேலாண்மைத் தகவல் முறைமையில் ஏற்றப்பட்டு வந்தன. இப்பதிவேற்றச் சுமையை ஆசிரியர் அமைப்புகள் தொடர்ந்து எதிர்த்து வருகின்றன. கற்றலுக்கான கருவி கணக்குக் காட்டும் கருவியாகும்போது ஆசிரியரின் கண் குழந்தையின் ஏட்டிலிருந்து திரைக்கு நகர்கிறது. ‘பலனுக்கேற்ற உதவித்தொகை’ என்னும் பத்தொன்பதாம் நூற்றாண்டு மாகாண முறையில் ஆய்வாளருக்குக் காட்டவே வகுப்பு நடந்தது என எழுந்த குறைபாட்டோடு இதை ஒப்பிடலாம். அக்காலத்தில் ஆய்வாளர் ஆண்டுக்கு ஒருமுறை வந்தார்.

ஏறத்தாழ 6,000 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கப்பட்டன. தொடக்கப்பள்ளிகளிலும் திறன்மிகு வகுப்பறைகள் அமைக்கப்பட்டு வருகின்றன. திறன்மிகு வகுப்பறையின் திரை கரும்பலகை இருந்த முன்சுவரிலேயே பொருத்தப்படுகிறது. அதைத் தொட்டு இயக்குபவர் ஆசிரியர். உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் மட்டும் ஒவ்வொரு மாணவர் முன்னும் ஒரு விசைப்பலகை இருக்கிறது. அங்குக் கணினிவழித் தேர்வுகள் நடக்கின்றன. கணித, அறிவியல் ஆசிரியர்கள் மாணவரை அழைத்துச் செல்ல இணையச் செயல்பாடு காரணமாகிறது. தமிழாசிரியர் அழைத்துச் செல்வதற்கான காரணம் பாடநூலில் இன்னும் எழுதப்படவில்லை. ஒரு பத்தியைத் தமிழ்99இல் தட்டுதல், தட்டியதில் ஒற்றுப்பிழை காணுதல், ஒரே கட்டுரையை இருமுறை திருத்தி எழுதுதல் ஆகிய மூன்று பயிற்சிகள் சேர்க்கப்பட்டாலே அக்காரணம் கிடைத்துவிடும். இதற்குப் புதிய கருவியோ புதிய நிதி ஒதுக்கீடோ வேண்டியதில்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தமிழ்த்தாள் தாளிலும் பேனாவிலும் நடக்கும் வரை அப்பயிற்சிக்கு மதிப்பெண் இராது என்பது இதற்குரிய தடை. அத்தடையைக் கடக்க அகமதிப்பீட்டில் இடம் தரலாமா என்பது பாடத்திட்டக் குழு ஆராய வேண்டிய வினா.